மூணு மணிச் சுவர்

நாற்பது நாற்காலி போட்டிருந்தது. வந்தவர்கள் இரண்டே பேர். அதிலும் ஒருவர் நாற்காலிக் கடைக்காரர். கூட்டம் முடிந்ததும் எண்ணி எடுத்துக்கொண்டு போக வந்தவர்.

நகராட்சி வரைவாளர் ஏழாவது தடவையாக வாசலை எட்டிப் பார்த்தார். தெருவில் ஆள் நடமாட்டத்துக்கு ஒன்றும் குறைவில்லை. எல்லாரும் சமூகக்கூடத்தைத் தாண்டித்தான் போனார்கள். ஒருவராவது உள்ளே திரும்ப வேண்டுமே! கூடத்துச் சுவரில் பெரிய திரை, திரையில் ஒரு வீடியோ கேம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான்கு அடுக்குமாடிக் கட்டடங்கள், நடுவில் ஒரு காலி மனை, மனைக்கு மேலே பிடிக்க ஆளில்லாமல் மிதக்கும் ஒரு சுத்தியல்.

"ஆரம்பிச்சிடலாமே தம்பி?" என்றார் வந்திருந்த இன்னொருவர். ஓய்வுபெற்ற தபால்காரர், ஏ பிளாக். முன்வரிசையில் நட்டநடு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். "சாக்கடை விஷயம்தானே?"

"இல்லைங்க. இது கேம். உங்க வீடுகளுக்கு நடுவுல ஒரு காலி மனை இருக்கில்ல? அதுல என்ன வரணும்னு நீங்களே இதுல கட்டிக் காட்டலாம். போன்லயே ஆடலாம். மரம் நடலாம், பெஞ்சு போடலாம், விளக்கு வைக்கலாம்..."

"சாக்கடை போடலாமா?"

"அது வந்து... பூமிக்கு அடியில இருக்கறதெல்லாம் இந்த கேம்ல வராதுங்க."

"எங்க சாக்கடை பூமிக்கு மேலதான்யா ஓடுது!"

தபால்காரர் எழுந்தார். "எனக்கு விளையாடற வயசா?" என்று கேட்டுவிட்டு, துண்டறிக்கையை நாலாக மடித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். நாற்காலிக் கடைக்காரர் எண்ண ஆரம்பித்தார்.

இத்தனைக்கும் காரணம் புதிதாக வந்திருந்த ஆணையர் அம்மா. "இனிமே நாம வரைய வேண்டாம். மக்களே கட்டட்டும். கேம்லயே கட்டட்டும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதற்கு ஒரு நிபந்தனையும் வைத்தார். மாசக் கடைசிக்குள் நாற்பது குடியிருப்பாளர்கள் கேமில் சேர்ந்து ஆடி ஒரு முடிவுக்கு வந்தால் அந்த மனையில் பூங்கா. இல்லாவிட்டால் கோப்பில் ரொம்ப நாளாகத் தூங்கிக்கொண்டிருக்கும் ஆறு மாடிக் கார் நிறுத்தம்.

மற்ற மனையாக இருந்தால் வரைவாளர் "நமக்கென்ன" என்று இருந்திருப்பார். இந்த மனை அப்படியில்லை. இதை ஒட்டிய சி பிளாக்கில், மூன்றாவது மாடியில்தான் அவர் வீடு. கார் நிறுத்தம் வந்தால் அதன் சுவர் அவர் கூடத்து ஜன்னலிலிருந்து சரியாகப் பன்னிரண்டு அடியில் நிற்கும். சரியாகப் பன்னிரண்டு என்று அவருக்கு எப்படித் தெரியும் என்றால், அதை வரைந்தவரே அவர்தான்.

அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் அவர் மனைவியின் தையல் மெஷின் இருக்கிறது. பள்ளிச் சீருடை, தலையணை உறை, சோபா உறை என்று அக்கம்பக்கம் நாலு தெருவுக்கும் அவள்தான் தைக்கிறாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வீடு பார்த்தபோது வரைவாளர் அந்த ஜன்னலைத் திறந்து காட்டி, "பாத்தியா, என்ன வெளிச்சம்! இதுக்காகவே இந்த வீட்டை எடுக்கறேன். உனக்காக!" என்றார். யார் வீட்டுக்கு வந்தாலும் இன்றைக்கும் அதைச் சொல்வார். மனைவிக்கென்று அவர் பார்த்துப் பார்த்துச் செய்தது வாழ்க்கையில் அது ஒன்றுதான். அதையும் ஒரு கார் நிறுத்தம் வந்து மறைக்கும் என்றால் எந்த மனுஷன் பொறுப்பான்?

கூட்டம் சொதப்பிய அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். ஜன்னல் கம்பியில் வழக்கம்போலப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. வழக்கம்போல அதை எடுத்து அழகாக மடித்து வைத்தார். இந்த மாதிரிச் சின்னச் சின்ன உதவியெல்லாம் செய்வார், சும்மா சொல்லக்கூடாது.

"ரெண்டே பேரு வந்தாங்க" என்றார்.

மனைவி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். வாயில் நாலு குண்டூசி. "ம்ம்" என்றாள்.

"போன வாரம் உனக்கு அந்த கேமை ஆடிக் காட்டினேன் இல்ல? எவ்வளவு சுலபம்! சுத்தியலைத் தொட்டா இடிக்கும், செங்கல்லைத் தொட்டா கட்டும். சின்னக் குழந்தைகூடக் கட்டும். வந்து பாத்தாத்தானே தெரியும்?"

"ம்ம்."

"இப்படியே போனா அந்த ஆறு மாடிதான் வரப்போகுது."

அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "ஆறு மாடியா? நம்ம ஜன்னல் உசரத்துக்கு வருமா?"

"ஜன்னல் உசரமா? அதுக்கு மேல மூணு மாடி!"

"அப்படியா!" என்றாள். பாவம், எப்படிக் கவலைப்படுகிறாள் என்று அவருக்கு நெஞ்சைப் பிசைந்தது.

"நான் இருக்கறவரைக்கும் ஒரு சுவர் வராது. நீ கவலைப்படாதே."

"சரிங்க. குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு. சமையல்கட்டு சுவிட்சு ஆடுது. கட்டிலுக்கு அடியில அந்தக் கம்பி வேற கிடக்கு, பெருக்கும்போதெல்லாம் கால்ல இடிக்குது. தம்பியும் அவனோட டிரில் மெஷினைத் திருப்பிக் கேக்கறான்."

"ஞாயித்துக்கிழமை" என்றார் வரைவாளர். இந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. எந்த வேலையும் அதைத் தாண்டி வந்ததில்லை.

மறுநாள் காலையில் ஆணையர் கூப்பிட்டார். "எத்தனை பேர் ஆடறாங்க?"

ஒருவரும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கண் முன்னால் பன்னிரண்டு அடியில் ஒரு சுவர் எழுந்தது. "இருபது மேடம்" என்று வந்துவிட்டது.

"சபாஷ்! நாளைக்கு நானே உள்ள போய்ப் பாக்கறேன்."

அன்றைக்கு மதியம் வரைவாளர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. அலுவலகக் கணினியில் உட்கார்ந்து இருபது குடியிருப்பாளர்களைப் பெற்றெடுத்தார். கேமில் சொந்தப் பெயர் கேட்பதில்லை, பட்டப்பெயர் போதும். 'மூட்டுவலி' என்று ஒருவர், பத்தடிக்கு ஒரு பெஞ்சு கேட்பவர். 'பூனைக்காரர்'. 'காலை ஓட்டம்'. 'புது மருமகள்'. அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று 'பழைய மாமியார்'. இப்படியே இருபது. ஒவ்வொருவராக உள்ளே அனுப்பி ஆளுக்கு ஒரு மரம் நட்டார். இரண்டு மணிக்கு மனை முழுக்கப் பச்சைப் பசேலென்று இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஆணையர் திரும்பக் கூப்பிட்டார். குரலில் உற்சாகம் இல்லை.

"பாத்தேன். இருபது பேரும் ஒரு மணிக்கு வராங்க, ரெண்டு மணிக்குப் போறாங்க. ஆளுக்கு ஒரு மரம். 'நன்றி', 'நன்றி'னு எழுதிட்டுப் போயிடறாங்க. ஒரு சண்டைகூட இல்லையே? எங்க வீட்டுல இருக்கறது ரெண்டு பேரு. டிவி ரிமோட்டுக்கே தினமும் சண்டை. இவங்க நிஜமாவே குடியிருக்கறவங்கதானா?"

"நிஜமாத்தான் மேடம். இப்பதானே பழக ஆரம்பிச்சிருக்காங்க. போகப் போக அடிச்சுக்குவாங்க."

அடித்துக்கொள்ள வைத்தார். அன்றிலிருந்து தினமும் மதியம் சண்டைதான். புது மருமகள் வேப்பமரத்துக்குக் கீழே ஒரு பெஞ்சு போட்டாள்; பழைய மாமியார் வந்து இடித்தாள். "என்னைக் கேக்காம இந்த மனையில ஒரு கல்லு வைக்கக் கூடாது" என்று மாமியார் எழுத, "மனை உங்க அப்பா வீட்டுச் சீதனமா?" என்று மருமகள் பதில் எழுத, பூனைக்காரர் இடையில் புகுந்து இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். வரைவாளருக்கு இப்படி ஒரு திறமை தன்னிடம் இருக்கிறது என்பதே தெரியாமல் இருந்தது. மாமியாருக்கு எழுதும்போது கண்ணை உருட்டினார். மருமகளுக்கு எழுதும்போது மூக்கை உறிஞ்சினார். பக்கத்து மேஜைக்காரர் பார்த்துவிட்டு, "ஜலதோஷமா சார்?" என்றார்.

அவசரத்தில் ஒரு தப்பும் நடந்தது. 'காலை ஓட்டம்' எழுத வேண்டியதை 'மூட்டுவலி'யின் பெயரில் எழுதிவிட்டார்: "நான் தினமும் விடியற்காலையில் மனையைச் சுத்தி ஆறு ரவுண்டு ஓடுகிறேன்."

மாட்டிக்கொண்டோம் என்று தலையில் கையை வைத்தார். ஆணையரோ துள்ளிக் குதித்தார். "பாத்தீங்களா! மூட்டுவலிக்காரர் ஓட ஆரம்பிச்சிட்டாரு! பூங்கா வரதுக்கு முன்னாடியே குணமாயிடுச்சு! இதை அறிக்கையில முதல் பக்கத்துல போடுங்க."

போட்டார். வேறென்ன செய்வது?

இப்படி எல்லாம் கூடி வந்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமைதான் அது நடந்தது. மதியம் கேமை மூடிவிட்டுக் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தவர், சும்மா இருக்கட்டும் என்று மூன்றேகால் மணிக்கு ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தார். மனையில் யாரோ இருந்தார்கள். அவர் பெற்ற இருபதில் ஒருவரும் இல்லை. புது ஆள். பட்டப்பெயர், 'மூணு மணி'.

"ஒரு நிஜ ஆளு!" என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ஊரில் ஒரு ஜீவனாவது துண்டறிக்கையைப் படித்திருக்கிறதே!

பிறகுதான் அந்த ஆள் என்ன கட்டுகிறான் என்று பார்த்தார். சுவர். செங்கல் செங்கலாக, அவசரமே இல்லாமல், கோணல் இல்லாமல் ஒரு சுவர். அதன் ஓரத்தில் வேறு நிறக் கல்லில் அழகாக ஒரு கரை வேறு. கட்டின இடம் எது? சி பிளாக்குக்கு எதிரே, மூன்றாவது மாடி உயரத்துக்கு, அவர் மனைவி தைக்கிற ஜன்னலுக்கு நேர் முன்னால்!

அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. குடியிருக்கிறவன் எவனாவது ஜன்னலுக்கு முன்னால் சுவர் கேட்பானா? இது குடியிருக்கிறவன் வேலையே இல்லை. கார் நிறுத்தம் கட்டக் காத்திருக்கிற காண்ட்ராக்டர் ஆள் வைத்து வேலை பார்க்கிறான். சந்தேகமே இல்லை.

மூட்டுவலியை உள்ளே அனுப்பிச் சுவரை இடித்தார். மறுநாள் மூன்று மணிக்குச் சுவர் திரும்ப எழுந்தது, ஒரு வரிசை கூடுதலாக. காலை ஓட்டத்தை அனுப்பி இடித்தார். அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு வரிசை. மாமியாரும் மருமகளும் சண்டையை மறந்து கைகோத்து இடித்தார்கள். சனிக்கிழமை சுவர் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றது, கரையோடு.

வீட்டுக்குப் போனதும் பொரிந்து தள்ளினார்.

"மூணு மணியாம்! பேரைப் பாரு! பட்டப்பகல்ல வந்து சுவர் எழுப்பறான்!"

மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "பாவம், அவங்களுக்கு என்ன கஷ்டமோ."

"கஷ்டமா? காண்ட்ராக்டரோட ஆளு அவன்! கூலிக்குச் சுவர் எழுப்பறவன்!"

"ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆம்பளைதான். இவ்வளவு பிடிவாதம் பொம்பளைங்களுக்கு எங்க வரும்?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அவங்ககிட்டயே கேட்டுப் பாக்கலாமே, எதுக்கு இந்தச் சுவருன்னு?"

"எதிரிகிட்ட போய் என்ன பேச்சு? நாளைக்குப் பாரு, ஒரே அடி."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க."

"அதனாலதான் சொல்றேன். அலுவலகத்துல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. நிம்மதியா உக்காந்து இடிக்கலாம்."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தார் என்றால் அது அன்றைக்குத்தான். காலையிலிருந்து உட்கார்ந்து இன்னும் இருபது குடியிருப்பாளர்களைப் பெற்றார். பட்டப்பெயருக்குப் பஞ்சம் வந்து கடைசி மூன்று பேருக்கு 'ஸ்டேப்ளர்', 'மேஜை', 'மின்விசிறி' என்று கண்ணில் பட்டதையெல்லாம் வைத்தார். மொத்தம் நாற்பது. கேமில் ஓட்டெடுப்புக்கு ஒரு வசதி உண்டு. அதில் தீர்மானம் போட்டார்: 'இந்த மனையில் மூன்றடிக்கு மேல் சுவர் எதுவும் கூடாது.' நாற்பதுக்கு நாற்பது என்று நிறைவேறியது.

மூன்று மணிக்கு அந்த ஆள் வந்தான். சுவர் இருந்த இடம் தரைமட்டம். பிறகு அரட்டைப் பெட்டியில், முதல் தடவையாக, ஒரு வரி வந்தது.

"நாப்பது பேரு சேர்ந்து ஒரு சுவரை இடிக்கறீங்களே, உங்களுக்கெல்லாம் வீட்டுல செய்ய வேண்டிய வேலை ஒண்ணுமே இல்லையா?"

"இதுதான் எங்க வேலை!" என்று மின்விசிறியின் பெயரில் பதில் போட்டார் வரைவாளர். சாயங்காலம் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். ஜன்னலில் போர்வை தொங்கியது. எடுத்து மடித்து வைத்தார்.

அன்றைக்கு அவள் ஏனோ அவரோடு பேசவில்லை. தையல் வேலை அதிகம் போல.

திங்கட்கிழமை காலையில் ஆணையர் கூப்பிட்டார். சந்தோஷத்தில் குரல் கீச்சிட்டது. "நாற்பதைத் தொட்டுட்டோம்! சண்டை என்ன, ஓட்டெடுப்பு என்ன! வெள்ளிக்கிழமை ரெண்டரை மணிக்குச் சமூகக்கூடத்துல ஒரு நிறைவுக் கூட்டம் வைக்கறேன். நாற்பது பேரையும் நேர்ல பாக்கணும். அந்த மூணு மணி, அவரையும். கேம்லயே அழைப்பு அனுப்பச் சொல்லிட்டேன்."

வரைவாளருக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி வழுக்கியது. "மேடம், அவங்கள்ல பாதிப் பேரு கூச்ச சுபாவம்..."

"அந்த மாமியாருக்கா கூச்சம்?"

நாற்பது பேருக்கு எங்கே போவது? முதலில் மச்சானைப் பிடித்தார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி, மின்சார வேலை செய்கிறவன்.

"வரேன் மாமா. ஆனா எனக்கு டிரில் மெஷின் வேணும். ரெண்டு ஓட்டை போட்டுட்டுத் தரேன்னு வாங்கிட்டுப் போனீங்க. ஆச்சு ரெண்டு வருஷம். என் தொழிலே அதுல இருக்கு."

"ஞாயித்துக்கிழமை தரேன்யா. வெள்ளிக்கிழமை நீ வந்து புது மருமகளா உக்காரு."

"மருமகளாவா?"

"சரி, மருமகளோட அண்ணன்னு சொல்லு!"

தபால்காரர் சாக்கடையைப் பற்றிப் பேச மைக் தருவதாக இருந்தால் வருகிறேன் என்றார். மூட்டுவலி வேஷம் அவருக்கு. நாற்காலிக் கடைக்காரரை எப்படியும் வருகிறவர்தானே என்று பழைய மாமியாரின் வீட்டுக்காரர் ஆக்கினார். மிச்சமுள்ள முப்பத்தேழு பேருக்கும் ஒரே நாளில் வயிற்றுப்போக்கு என்று சொல்வதாக முடிவு செய்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. நாற்பது நாற்காலி. முன்வரிசையில் மூன்று பேர். மேஜைக்குப் பின்னால் ஆணையர். அவர் பக்கத்தில் மடிக்கணினியோடு, கேம் தயாரித்த கம்பெனியிலிருந்து வந்த ஓர் இளம்பெண். வாயைத் திறக்காமல் எதையோ தட்டிக்கொண்டே இருந்தாள். வரைவாளர் தன் நாற்காலியை அவளிடமிருந்து இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஆணையர் தபால்காரரைப் பார்த்துக் கை கூப்பினார். "நீங்கதான் மூட்டுவலியா? தினமும் ஓடறீங்களாமே!"

"ஓடாம? அந்தச் சாக்கடையைத் தாண்டணும்னா ஓடித்தாம்மா ஆகணும்!"

ஆணையர் குழம்பிப்போய் மச்சான் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"புது மருமகளோட அண்ணன். அவளுக்கு உடம்பு சரியில்லை."

"ஐயையோ! மாமியார் ஏதாவது பண்ணிட்டாங்களா?"

"நான் ஒண்ணும் பண்ணலை மேடம்" என்றார் நாற்காலிக் கடைக்காரர். "எனக்கு நாற்காலி நாற்பது வந்தா போதும்."

அப்போது கூடத்தின் கதவு மெல்லத் திறந்தது. சுவர்க் கடிகாரம் மூன்று மணியைத் தொட்டிருந்தது. வரைவாளரின் மனைவி உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தையலையெல்லாம் போட்டுவிட்டு, தன் புருஷன் நடத்துகிற கூட்டத்தைப் பார்க்க வந்திருக்கிறாளே!

"மேடம்" என்றாள் கம்பெனிப் பெண். முதல் தடவையாக வாயைத் திறக்கிறாள். "ஒரு சின்ன விஷயம். இந்த நாற்பது பேரும் ஒரே கம்ப்யூட்டர்ல இருந்துதான் ஆடியிருக்காங்க. உங்க அலுவலகம்தான். நகர அமைப்புப் பிரிவு, ஜன்னலோரம், ரெண்டாவது மேஜை."

எல்லாத் தலையும் வரைவாளர் பக்கம் திரும்பியது. தபால்காரர் மட்டும் மைக்கைத் தேடிக்கொண்டிருந்தார்.

"மின்விசிறியுமா?" என்றார் ஆணையர், நம்ப முடியாமல்.

வரைவாளர் எழுந்து நின்றார். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"எல்லாம் நான்தான் மேடம். மாமியாரும் நான்தான், மருமகளும் நான்தான். செஞ்சது தப்பு. என்ன தண்டனை வேணா குடுங்க. ஆனா நான் எனக்காகச் செய்யலை." கடைசி வரிசையைக் கை காட்டினார். "அதோ உக்காந்திருக்காளே, என் மனைவி, அவளுக்காகச் செஞ்சேன். ஒரு ஜன்னல் வெளிச்சத்துல உக்காந்துதான் அவ தைக்கறா. பதினோரு வருஷத்துல நான் அவளுக்குன்னு குடுத்தது அந்த வெளிச்சம் ஒண்ணுதான். நகை இல்லை, நட்டு இல்லை. அதுக்கு முன்னாடி ஒரு சுவர் எழும்பறதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியலை மேடம்."

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நாற்காலிக் கடைக்காரர் எண்ணுவதை நிறுத்தினார். கடைசி வரிசையில் மனைவி தலையைக் குனிந்து கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஆணையர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரே, ரிமோட்டைக் குடுக்க மாட்டார்" என்று முணுமுணுத்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இங்க பாருங்க. அந்த நாற்பது பேரும் செல்லாது. கார் நிறுத்தம் வேண்டாம்னு நான் முடிவு பண்ணணும்னா எனக்கு ஒரே ஒரு நிஜக் குடியிருப்பாளராவது வேணும். ஏம்மா, அப்படி யாராவது ஒருத்தர் இருக்காங்களா?"

"ஒருத்தர் இருக்காங்க மேடம். மூணு மணி. அவங்க மட்டும் வேற போன்ல இருந்து ஆடியிருக்காங்க. முகவரியும் சரியாப் பதிஞ்சிருக்காங்க. சி பிளாக், மூணாவது மாடி."

"எதிர் வீட்டுக்காரன்!" என்று கத்தினார் வரைவாளர். "அவனைப் பாத்தாலே எனக்குச் சந்தேகம்தான் மேடம்! காண்ட்ராக்டர்கிட்ட என்ன வாங்கினானோ..."

"உக்காருங்க" என்றார் ஆணையர். "அவங்க எதுக்குச் சுவர் கேக்கறாங்கன்னு ஏதாவது எழுதியிருக்காங்களா?"

"நேத்து ஒரு மனு போட்டிருக்காங்க மேடம்" என்று கம்பெனிப் பெண் திரையைப் பார்த்து ராகம் போடாமல் படித்தாள்: "'தினமும் மூணு மணி வெயில் ஜன்னல் வழியா நேரா வந்து கண்ணு கூசுது, தைக்கற துணியெல்லாம் சாயம் போகுது, திரை மாட்ட ஒரு கம்பி அடிச்சுக் குடுங்கன்னு வீட்டுக்காரர்கிட்ட பதினோரு வருஷமாக் கேக்கறேன், ஞாயித்துக்கிழமைங்கறாரு, போர்வையைத் தொங்கவிட்டா அதையும் மடிச்சு வெச்சிடறாரு, அவரால இனிமே ஆகாது, நகராட்சியாவது ஒரு சுவரு கட்டிக் குடுங்க.'"